எட்டாவது ஆள்

வங்காளத்துத் துறைமுகப் பக்கமான கிடர்பூரில் கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டால், மாட்டிக்கொண்டவன் மாட்டிக்கொண்டதுதான். பஸ்ஸும் லாரியும் கைவண்டியும் பள்ளிக்கூட வேனும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைப்பார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் கப்பல் வேகமாகப் போய்விடப் போகிறதா என்ன. வைகாசி மாதக் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் ஆற்றுப் பக்கத்துப் புழுக்கம் எல்லோருடைய சட்டையையும் முதுகோடு ஒட்ட வைத்திருந்தது.

ஷேர் ஆட்டோவில் இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தாள் தேவிப்ரியா. மடியில் கருப்புப் பை. அதற்குள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, கைப்பிடி வலுவை அளக்கிற ஒரு இடுக்கி, கம்பெனி கொடுத்த டேப்லெட். காலுக்கடியில் மடக்கி வைத்த பலகைப் படி. மற்ற நாளாக இருந்தால் நேரமாகிறது என்று தவித்திருப்பாள். இன்றைக்கு மட்டும் இந்தப் பாலம் இறங்காமலே நின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். அவள் போக வேண்டிய இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், கன்டெய்னரைப் பிரித்து மூட்டை இறக்குகிற யார்டு. அங்கே இருக்கிற கூலியாட்கள் எல்லோருக்கும் இன்று உடம்பு சோதனை. அந்தக் கூலியாட்களில் ஒருவர் அவளுடைய அப்பா உத்தமன்.

அவளுடைய வேலையின் பெயர் ஆக்குபேஷனல் வெல்னஸ் அசோசியேட். அம்மா தமயந்திக்கு அது வாயில் நுழையவில்லை. கார்டன் ரீச்சில் அவர்கள் குடியிருந்த சந்தில் எதிர்வீட்டு வங்காள அம்மாள், காக்கிமா, கேட்டபோது, “ஆஸ்பத்திரி மாதிரி, ஆனா ஆஸ்பத்திரி இல்ல” என்று பாதி வங்காளத்திலும் பாதிக் கையாட்டலிலும் சொல்லி வைத்தாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

பன்னிரண்டாவது முடித்ததும் தேவிப்ரியா ஆசைப்பட்டது நர்சிங்குக்கு. இடம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் டயமண்ட் ஹார்பர் ரோட்டில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று பூஜைப் பந்தல் மாதிரி ஒரு கூடாரம் போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர் ‘ஹெல்த் அண்ட் வெல்னஸ்’ என்று ஒரு பட்டப்படிப்பைக் காட்டி வழவழப்பான புத்தகம் ஒன்றை விரித்தார். அதில் ஒருத்தி கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர்காரர்களுக்கு முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லித் தருகிறாள். ஒருவன் நெஞ்சு ஆபரேஷன் முடிந்த பெரியவரைக் கைபிடித்து நடக்கவைக்கிறான். இன்னொருத்தி பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற வெள்ளைக் கப்பலில் யோகா நடத்துகிறாள். உத்தமன் அந்தக் கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தது திண்டிவனத்துப் பக்கம் என்றாலும் மீசை முளைத்த நாளிலிருந்து கப்பல் சரக்கைத் தலையில் சுமந்தே காலம் தள்ளிய மனிதர்.

“கப்பல்லயே மூட்ட தூக்காத வேலையும் இருக்குது பாத்தியா பாப்பா” என்றார். அன்றைக்கே சேர்த்துவிட்டார்.

படிப்பு மோசம் என்று சொல்ல முடியாது. சோறு, தூக்கம், மூச்சு, மனசு எல்லாவற்றுக்கும் ஒரு பாடம் இருந்தது. வேலையும் உடம்பும் என்ற பாடம்தான் அவளுக்குப் பிடித்தது. ஒரு ஆள் தனியாகத் தூக்கலாம் என்று அதில் ஒரு எடை போட்டிருந்தார்கள். அப்பாவின் தலையில் ஏறுகிற மூட்டை அதில் இரண்டு பங்கு. வகுப்பில் மற்றவர்கள் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்றாம் வருஷம் வீட்டு ஆட்களையே சோதித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். வாசலில் செங்கலை அடுக்கி அப்பாவை ஏறி இறங்க வைத்து நாடி பார்த்தாள். நின்று, உட்கார்ந்து, ஒரு கிளாஸ் சிவப்புச் சாயா குடித்து முடித்த பிறகும் அந்த நாடி இறங்கவில்லை. தான் தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்து மறுபடி பார்த்தாள். எண்ணிக்கையில் தப்பில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதில், ரத்தக் கொதிப்பு, இதயம் வீங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் யார்டில் பெரிய சரக்கு வந்திருந்தது. உத்தமன் போகவில்லை. கொடுத்த மாத்திரையும், வெயிலில் தலை சுற்ற வைக்கிறது என்று நாள்பட நின்றுபோனது.

பட்டம் கைக்கு வந்ததும் அந்த வழவழப்பான புத்தகத்துப் படம் மாறிவிட்டது. கூடப் படித்த நிர்மல் ராஜர்ஹாட்டில் ஒரு ஜிம்மில் நின்றுகொண்டு புரோட்டீன் டப்பா விற்றான். அக்ஷரா ஒரு மாலில் மசாஜ் கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். மிருதுளா இன்சூரன்ஸ் கட்டியவர்களுக்கு போன் போட்டு, இன்றைக்கு நடந்தீர்களா என்று கேட்டாள். இதய நோயாளிகளை நடக்க வைக்கிற ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னும் மேலே படிக்க வேண்டுமாம். கப்பலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அப்படியிருக்க, கம்பெனிகளின் ஆட்களைச் சோதித்துக் கொடுக்கிற தாராதலா ஆபீஸ் ஒன்று தேவிப்ரியாவைக் கூப்பிட்டதே அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், அப்பாவின் யார்டுப் பெயர் அவளுடைய வாரத் திட்டத்தில் வருகிற வரைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காங் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

காங் என்றால் எட்டுப் பேர். கன்டெய்னருக்குள் நின்று மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர், சுமந்து போக நான்கு பேர், லாரி மேல் நின்று மூட்டையை அடுக்கி அட்டி போட ஒருவர். எட்டாவது ஆள் கன்டெய்னர் வாசலில் கோணி ஊசியும் சணலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிழிந்த மூட்டையைத் தைப்பதும் சிந்தின பருப்பைக் கூட்டி அள்ளுவதும் அவர் வேலை. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை அது ஒன்றுதான். அந்த ஊசி யாருக்கும் சொந்தமில்லை. காய்ச்சலோடு வந்தவன், இடுப்புப் பிடித்துக்கொண்டவன், முந்தின நாள் வீட்டில் சாவு விழுந்தவன் என்று யாருக்கு முடியவில்லையோ அவன் கையில் காங்குக்குத் தலைவரான சர்தார் இராமநாதன் காலையில் ஊசியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார். ஏன் அவனுக்கு என்று யாரும் கேட்பதில்லை. கூலி எட்டுப் பேருக்கும் ஒன்றுதான். ஒரு வருஷமாக அந்த ஊசி அநேகமாக தினமும் உத்தமன் கைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கூட்டி அள்ளின மசூர் பருப்பில் கொஞ்சம் வீட்டுக்கும் வரும். தமயந்தி அதை முறத்தில் போட்டு மண்ணும் ஆணித்துருவும் பொறுக்கிவிட்டு, பச்சைமிளகாய் கீறிப் போட்டுக் கடைந்து வைப்பாள்.

அன்றும் அவள் முறத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் மூன்று பேர், தரையில் இரண்டு பேர், மற்றவர்கள் வாசற்படியில். முரி என்கிற பொரியில் வெங்காயமும் கடுகெண்ணெயும் போட்டுக் கலந்து கொடுத்தாள். இராமநாதன் முதலில் மழை எப்போது பிடிக்கும் என்று பேசினார், பிறகு புது கான்ட்ராக்டரைப் பற்றிப் பேசினார், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“முன்ன எல்லாம் இந்த ஜெயபிரகாசு ஒருத்தனே மத்த ஏளு பேருக்கும் காட்டிட்டு வந்துடுவான் பாப்பா. கம்பவுண்டரும் தெரிஞ்சேதான் எளுதுவாரு. இப்ப மூஞ்சிய போட்டோ புடிக்கிற மெசினாமே. அதான் ஒன்னாண்ட வந்தம்.”

காங்கிலேயே இளையவன் ஜெயபிரகாஷ். தூண் மாதிரி கழுத்து. வாசற்படியிலிருந்தே சொன்னான்: “ஒரே நாள்ல ஏழு தபா ரத்தம் குடுத்தன் தங்கச்சி. கடசீல எனக்கே கண்ணு இருட்டிக்கினு வந்துடுச்சு. இந்த நெலமயில என்னோட பேருக்கு நானே போனா அன்ஃபிட்டுன்னு எளுதிடுவாங்கன்னு, எனக்கு நம்ம சர்தார் மாமாவ அனுப்பி வச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தேவிப்ரியாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு, மெஷினில் வருகிற நம்பரைத்தான் எழுத முடியும், தான் டாக்டர் இல்லை, தாராதலாவில் ஒரு டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று சொன்னாள்.

“அந்த டாக்டரு யார்டுக்கு வருவாரா?”

“வரமாட்டாரு பெரியப்பா.”

“அப்ப நீதான டாக்டரு.”

அவள் விடவில்லை. கொதிப்பு இருக்கிறவர் இந்த வெயிலில் மூட்டை தூக்கினால் விழுந்துவிடுவார் என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. உத்தமன் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராமநாதனுக்குக் கோபம் வரவில்லை. அவர் காலில் சர்க்கரைப் புண் இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் குடல் இறக்கத்துக்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

“தூக்க உடுவமா பாப்பா நாங்க? ஊசி இருக்குது இல்ல. அவன் ஒக்காந்துதான இருக்கிறான். நீ அன்ஃபிட்டுன்னு எளுதுனா ஊசியும் இல்ல, யார்டும் இல்ல. அவனோட நானும் போவன், அதோ அவரும் போவாரு. எளுதுனா எங்க மூணு பேரு ஒடம்பும் சரியாயிடுமா, சொல்லு.”

உடம்பு முடியாத ஆளை இலேசான வேலைக்கு மாற்ற வேண்டும் என்று அவளுடைய புத்தகத்தில் இருந்தது. அதைத்தான் இவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள். யோசிக்க யோசிக்க இராமநாதன் சொன்னது சரி என்றுதான் பட்டது. அவர்கள் போன பிறகு தமயந்தி பருப்பிலிருந்து தலை நிமிராமல், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றாள். உத்தமன் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது சொன்னார்:

“எனக்காவ எளுதாத பாப்பா. ஒனக்கு இன்னா தோணுதோ அத எளுது.”

தோன்றியது என்ன என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பாலம் இறங்கியது. ஆட்டோ நகர்ந்தது.

யார்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மேசையும் நின்றபடி சுற்றுகிற காற்றாடியும் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். படம் எடுத்து, விரலில் குத்தி, கையில் பட்டையைச் சுற்றி, இடுக்கியைப் பிடிக்கச் சொல்லி, பலகைப் படியில் ஏறி இறங்கச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் சரிவுப் பலகையில் மூட்டையோடு ஏறி இறங்கியவர்களை வெறுங்கையோடு ஏறி இறங்கச் சொன்னால் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கே போய்ச் சேர்வதற்கு இது என்று ஒரு பீகார்க்காரர் கேட்டார். ஜெயபிரகாஷ் இடுக்கியைப் பிடித்த பிடியில் முள் கடைசிக்குப் போய் நின்றது. இன்றைக்கு ஒரு ஆளுக்கான பிடிதான், மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்றான்.

இராமநாதனுடைய சர்க்கரையை அவள் மாற்றி எழுதினாள். குடல் இறக்கத்தைக் கேட்காமலே விட்டாள்.

உத்தமன் கடைசியில் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, படத்துக்காகத் தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றிருந்தார்.

“வணக்கம் மேடம்” என்றார் அப்பா.

அவள் பட்டையைச் சுற்றினாள். கருவியில் வந்த எண் அவள் பயந்ததைவிட அதிகம். படியில் ஏறி இறங்கச் சொன்னாள். ஏறினார், இறங்கினார். முதல் சுற்றில் சரியாகத்தான் இருந்தார். பிறகு உதடு வெளுத்தது. மூச்சு வாங்குவதை மறைக்க வாயை மூடிக்கொண்டார். மூக்கிலிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது. காற்றாடிச் சத்தத்தில் சூப்பர்வைசருக்கு அது கேட்டிருக்காது. போதும் என்று பாதியிலேயே நிறுத்தினாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வாசலில் செங்கல் மேல் நின்றபோது பார்த்த அதே கை. இப்போது இன்னும் வேகமாக ஓடியது. டேப்லெட்டில் வேறு எண்ணைப் போட்டாள். அழுத்தத்துக்கும் வேறு எண்.

“ஆயிடுச்சா மேடம்?”

“ஆயிடுச்சு. நீங்க போலாம்.”

அன்று சாயங்காலம் காலபைசாகி என்கிற கோடைப்புயல் அடித்தது. சந்தில் கூரைத் தகரங்கள் படபடத்தன, கரண்ட் போனது, வேர்வையில் ஊறிக் கிடந்த ஊர் முழுக்க ஒரே நொடியில் குளிர்ந்துபோனது. அந்த மழையில் ஜெயபிரகாஷ் மண்கலயத்தில் ரசகுல்லாவோடு வந்து நின்றான். காங் ஆட்கள் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கினார்கள் என்றான். உத்தமன் இரண்டு சாப்பிட்டார். தமயந்தி பாகை ஊற்றிவிட்டுப் பிழிந்து இன்னொன்று கொடுத்தாள். வீட்டில் அத்தனை பேரும் சிரித்துப் பேசி வெகுநாளாகியிருந்தது. தேவிப்ரியாவும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய மேலதிகாரி ஸ்மிதாதி அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினாள். அந்த யார்டில் ஒருவர்கூட அன்ஃபிட் இல்லை, கான்ட்ராக்டருக்கு ஏக சந்தோஷம் என்றாள். அந்த சந்தோஷம் என்னவென்று இன்னும் இரண்டு நாள் கழித்து யார்டு கேட்டில் ஒட்டினார்கள். ஆட்கள் அனைவரும் முழு உடல் தகுதியோடு இருப்பது உறுதியாகிவிட்டதால் இனி ஒரு காங்குக்கு ஆறு பேர் போதும். கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேர் வேலையை விட்டு நிற்க வேண்டும். மூட்டை தைக்கிற வேலையைக் கூட்டிப் பெருக்குகிற கான்ட்ராக்ட் பார்த்துக்கொள்ளும்.

உத்தமனுடைய காங்கிலிருந்து நின்றது ஜெயபிரகாஷும் ஒரு தெலுங்குக்காரரும். ஏழு பேருக்காகத் தன் உடம்பைக் காட்டிய ஒருத்தன் வெளியே போனான். சர்க்கரையும் குடல் இறக்கமும் வீங்கின இதயமும் உள்ளே இருந்தன. சாந்த்ராகாச்சியில் ரயில்வே கூட்ஸ் யார்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெயபிரகாஷ் அங்கே போய்விட்டான். போகும்போது வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டிருந்தால் தேவிப்ரியாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவன் தமயந்தியிடம் சாயா வாங்கிக் குடித்தான், “நீ இன்னா பண்ணுவ தங்கச்சி” என்றான், போய்விட்டான். இராமநாதன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

உத்தமன் சுமக்கப் போனார். நான்கு பேர் சுமந்த இடத்தில் இப்போது மூன்று பேர், அதில் அவர் ஒருவர். ராத்திரி சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். பருப்பு இப்போது கடையில் வாங்கினது, அதில் பொறுக்க ஒன்றும் இல்லை. முறம் சுவரில் மாட்டிக் கிடந்தது. தமயந்தி கருவாடு சுட்டு வைத்துப் பார்த்தாள், மீன் வாங்கிக் கடுகு அரைத்து வைத்துப் பார்த்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒருநாள் படியேறி வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். செருப்பு முன்பே கழன்றிருந்தது.

தேவிப்ரியா மறுநாள் ஸ்மிதாதியிடம் போய் நின்றாள். யார்டில் ஆட்களுக்குச் சுமை கூடிவிட்டது, எல்லோரையும் மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று வங்காளத்தில் சொன்னாள். அவளுக்குத் தமிழைவிட அதுதான் ஆபீசில் சரளம். ஸ்மிதாதி கெட்டவள் இல்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பாராசாத்திலிருந்து ரயிலேறி வருகிறவள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“உன் அப்பா அந்த யார்டில்தானே இருக்கிறார்?”

தேவிப்ரியா தலையாட்டினாள்.

“மறுபடி சோதிக்கலாம். பண்ணினால் நம்பர் வேறாக வரும். வந்தால், போன தடவை எழுதினது யார் என்று கேட்பார்கள். நீ மட்டும் போகமாட்டாய். ஏமாற்றினார்கள் என்று கான்ட்ராக்டர் அந்த ஆறு பேரையும் அனுப்பிவிடுவான். கையெழுத்துப் போட்டதற்கு டாக்டர், அனுப்பி வைத்ததற்கு நான், எல்லோரும் மாட்டுவோம்.” கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். “நான் எதையும் கேட்கவில்லை, நீ எதையும் சொல்லவில்லை. சரியா? இன்னொன்று. உன் ப்ரொபேஷன் முடிந்துவிட்டது. அந்த யார்டிலேயே உன்னை நிரந்தரமாகப் போடச் சொல்லிக் கான்ட்ராக்டர் கேட்டிருக்கிறான்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், வேலையை விட்டுவிடுங்கள் என்றாள். என் சம்பளம் இருக்கிறது, மூன்று பேர் சாப்பிடலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்கலாம். தமயந்தியும் ஒத்து ஊதினாள். உத்தமன் கழுத்துத் துண்டை உதறி மடித்தார், மறுபடி உதறினார்.

“நான் நின்னுட்டா காங்குல அஞ்சு பேரு. புது ஆளு போடமாட்டான். என்னோட மூட்டய யாரு தூக்குறது? கால்ல புண்ண வச்சிக்கினு சர்தாரு தூக்குவாரா?”

“அதுக்கு நீங்க சாவணுமா?” என்றாள் தமயந்தி.

“சாவறன்னு யாரு சொன்னா.” பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்: “ஒரு வருசம் அவனுங்க எனக்குச் சேத்துத் தூக்குனானுங்க. வாயத் தொறந்து ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல. இப்ப ரெண்டு பேரு வெளிய போயிட்டான். ஒடம்பு முடியலன்னு நான் ஊட்ல ஒக்காந்துக்கினா, அந்த ரெண்டு பேரு எதுக்குப் போனான்?”

“நான் எழுதினதாலதான்பா எல்லாம்.”

“நீ எளுதலன்னா மூணு பேரு போயிருப்போம். எளுதுனதால ரெண்டு பேரு. அவ்வளவுதான் கணக்கு. அந்தாண்ட போய் அத நெனச்சிக்கினு ஒக்காராத. சாப்புடு.”

மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். போட்டார். வெயிலில் தலை சுற்றினால் கன்டெய்னர் நிழலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவதாகச் சொன்னார். அதை அவள் பார்க்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு வேலை அங்கேதான் என்று ஆகிவிட்டது. கான்ட்ராக்டருக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றியிருந்தது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும், வெல்னஸ் மேடம் நடத்துவார்கள். படம் எடுத்து அவர்களுடைய பெரிய ஆபீசுக்கு அனுப்புவார்களாம்.

கல்லூரியில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். சுமை தூக்குகிறவர்களுக்கு எந்தத் தசையை முதலில் தளர்த்த வேண்டும், எதை நீட்ட வேண்டும் என்று வரிசை தெரியும். முதல் நாள் கையில் மைக்கைக் கொடுத்து ஒரு மரப்பெட்டி மேல் நிற்க வைத்தார்கள். எதிரில் லுங்கியை மடித்துக் கட்டிய ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வாயைத் திறந்து நிற்கிற கன்டெய்னர்கள், அதற்கும் பின்னால் வரிசையில் லாரிகள். ஆற்றின் மேல் மேகம் திரண்டு, பெய்யாமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் அப்பா. சட்டை அதற்குள் நனைந்துவிட்டிருந்தது.

ஏக், தோ என்று இந்தியில் எண்ணினாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள். பயிற்சிக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்தது. சூப்பர்வைசர் படம் எடுத்துவிட்டு போனைப் பைக்குள் போட்டார். அவள் நிறுத்தவில்லை. கழுத்தை வலப்பக்கம் திருப்பச் சொன்னாள், இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். கணுக்காலைச் சுழற்றச் சொன்னாள். அவள் எண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் யார் தலையிலும் மூட்டை ஏறாது. எண்ணுவதை மெதுவாக்கினாள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். இராமநாதனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைத் தூக்குகிற வேகத்தைக் குறைத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஆளும் குறைத்தார். வரிசை முழுக்கத் தண்ணீருக்குள் அசைகிற மாதிரி அசைந்தது. லாரிக்காரன் ஒருவன் கதவைத் தட்டினான். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, மேடம், ஆச்சா என்றார். இன்னும் ஒன்றே ஒன்று என்று மைக்கிலேயே சொன்னாள். குரல் யார்டு முழுக்கக் கேட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி அப்படியே நிற்கச் சொல்லி, தானும் நீட்டினாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

உத்தமன்தான் முதலில் கையை இறக்கினார்.

“போதும் பாப்பா” என்றார், அதட்டாமல், வீட்டில் சொல்கிற மாதிரி. “வெயிலு ஏறுது. ஏறிட்டா இன்னும் கஷ்டம்.”

சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டே கன்டெய்னரைப் பார்த்து நடந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கிவிட்டு அவர் பின்னால் போனார்கள். மரப்பெட்டி மேல் நின்றவளுடைய கைகள் மட்டும் மேலேயே இருந்தன.